இடுப்பெலும்பும் இரண்டு அண்ணன்களும்

ஒரு ஆட்டுக்கு இடுப்பெலும்பு இரண்டு. என் மச்சான் கென்ஜெபெக்குக்கு அண்ணன்களும் இரண்டு பேர். அவருடைய அறுபது வருஷ ஏக்கம் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

எங்கள் ஊரில் விருந்துக் கறியைத் தட்டில் குவித்து வைத்து, ஆளாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்ன வீட்டில் மறுபடி யாரும் கை நனைக்க மாட்டார்கள். ஆட்டைக் கோடரி படாமல் மூட்டு மூட்டாகப் பிரிப்போம். ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு தகுதி உண்டு. வந்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தகுதி உண்டு. இரண்டையும் பொருத்தம் பார்த்துக் கையில் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் மூத்த ஆண்களுக்கு இடுப்பெலும்பு. மூத்த பெண்களுக்கு வாலை ஒட்டிய முதுகடி. அதற்கடுத்தவர்களுக்குத் தொடை, நல்லி. மருமகனுக்கு நெஞ்சுக்கறி. பொடிசுகளுக்குக் காது. முன்னங்கால் எலும்பு ஒன்று ஆள் மாறிப் போனதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் ஒரே வாய்க்கால். தண்ணீர் திருப்ப வேண்டுமென்றால் நான்தான் நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

கென்ஜெபெக் என்ற பெயருக்கே கடைக்குட்டி என்றுதான் அர்த்தம். பெற்றவர்கள் இனிமேல் வேண்டாம் என்று முடிவு செய்து வைத்த பெயர். மூத்தவர் ஷெர்காசி, எழுபத்து நாலு வயது. அடுத்தவர் தோலுபாய், அறுபத்தெட்டு. மூன்றாவதாக வந்தவர்தான் என் அக்கா ஜிபாரைக் கட்டிக்கொண்டார். குல்ச்சோ ஊருக்கு மேலே கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். மலையே சரிந்து ரோட்டில் விழுந்தாலும் சிகரெட்டை அணைக்காமல் வண்டியை உள்ளே விடுகிற ஆள். அப்படிப்பட்டவர் அண்ணன்கள் முன்னால் மட்டும், "சரிண்ணே" என்ற ஒரு சொல்லோடு வாழ்ந்துவிட்டார்.

சின்ன வயதில் ஆட்டின் காது இரண்டும் அவருக்குத்தான். அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது. மீசை முளைத்த பிறகும் காதையே கொடுத்தார்கள். அப்போது பெருமை குறைந்தது. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியதும் கழுத்தெலும்புக்கு உயர்த்தினார்கள். கல்யாணம் பேச எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் அப்பா அவருக்கு நெஞ்சுக்கறியைக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு அதுதான் முறை. மச்சான் அதைக் கையில் வாங்கிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "உன் மச்சான் என்னைப் பாத்து மயங்கிக் கட்டிக்கிட்டாருன்னு நெனைக்காத. நெஞ்சுக்கறியப் பாத்து மயங்கினாரு" என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

அதற்குப் பிறகு விலா எலும்பு. முப்பது வயதில் விலா, நாற்பதில் விலா, தலை நரைத்து மகளைக் கட்டிக் கொடுத்த பிறகும் விலா. ஊரில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் மூன்று பேரையும் சேர்த்தே அழைப்பார்கள். இரண்டு இடுப்பெலும்பும் இரண்டு அண்ணன்கள் கைக்குப் போகும். சின்னவருக்கு விலா. சொந்த வீட்டில் விருந்து வைத்தாலோ கேட்கவே வேண்டாம். விருந்து வைப்பவன் நல்ல பங்கைத் தான் எடுத்துக்கொள்வானா? ஒருமுறை தோலுபாய் அண்ணன் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து எதிர்வீட்டில் தொட்டில் விருந்து. மச்சான் முகத்தை மழித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். கறி வரும் நேரம். வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோலுபாய் அண்ணன் இறங்கினார்.

"ஆடு அறுக்கிற வீட்டுல நான் இல்லாம எப்படிடா?" என்றார்.

"சரிண்ணே" என்றார் மச்சான்.

இதில் பெரிய கொடுமை, அந்தக் கறியைச் சுட்டவர் மச்சான்தான். எங்கள் சுற்றுவட்டாரத்தில் தந்தூரில் ஆட்டை இறக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. காசுக்குச் செய்வதில்லை. கூப்பிட்டால் போவார், சுடுவார், மரியாதையாக ஒரு விலாவை வாங்கிக்கொண்டு வருவார்.

இந்த ஏக்கம் எனக்கே ரொம்ப நாள் தெரியாது. போன வசந்தத்தில் அவர் வீட்டுத் தந்தூரில் விரிசல் விட்டிருந்தது. இரண்டு பேருமாக உட்கார்ந்து களிமண்ணில் ஆட்டு ரோமத்தைப் போட்டு மிதித்துப் பூசிக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டார்.

"மாப்ள, இடுப்பெலும்புக் கறி எப்படி இருக்கும்?"

"கறி மாதிரிதான் இருக்கும். என்ன கேள்வி மச்சான் இது?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற முகமா அது! நான் சிரித்துவிட்டேன். "ஒரு ஆட்ட வாங்குங்க. கதவச் சாத்திட்டு நீங்களே சுட்டு, இடுப்பு ரெண்டையும் நீங்களே தின்னுங்க. யாரு கேக்கப் போறாங்க?"

ஏதோ திருடப் போகலாம் என்று நான் கூப்பிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். "நானே எடுத்துத் தின்னா அது வெறும் கறிடா. ஒருத்தர் எடுத்து, இந்தாங்க, இது உங்களுக்குன்னு கையில குடுக்கணும். அப்பத்தான் அது இடுப்பெலும்பு."

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூச்சு வேலையைக் கவனித்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் அவருக்கு அறுபது நிறைந்தது. அறுபதாவது வயதுக்குப் பிள்ளைகள் விருந்து வைப்பது எங்கள் வழக்கம். விருந்து மகன் எர்மெக்குடையது என்பதால் அப்பா அன்றைக்கு வீட்டுக்காரர் இல்லை, மரியாதைக்குரிய ஆள். பங்கு வாங்கலாம். மச்சான் இந்தச் சட்டத்தை நன்றாக யோசித்து வைத்திருந்தார். எர்மெக் ஒரு ஆடு என்று சொன்னதும் குறுக்கே விழுந்தார்.

"ரெண்டு ஆடு."

"ஒரு ஆடே நம்ம சனத்துக்குத் தாராளம்ப்பா."

"ரெண்டுன்னா ரெண்டு."

இரண்டு ஆட்டுக்கு நாலு இடுப்பெலும்பு. பெரியண்ணனுக்கு ஒன்று, சின்னண்ணனுக்கு ஒன்று, மகளின் மாமனாரான ஓஷ் நகரத்துச் சம்பந்திக்கு ஒன்று. மிச்சம் ஒன்று. ஊரிலிருக்கும் மற்ற பெரியவர்களை எர்மெக் மறுநாளைக்குத் தனியாக அழைக்கட்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு. முதல் நாள் குடும்பம் மட்டும். ஒரே ஒரு பயம்தான் பாக்கி. சம்பந்திக்கு எண்பத்தெட்டு வயதில் ஒரு அப்பா இருக்கிறார். மச்சான் போனைப் போட்டார். பக்கத்தில் நான் இருந்தேன்.

"சம்பந்தி, அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"அல்லா புண்ணியத்துல நல்லா இருக்காருங்க. நேத்துகூட குதிரை ஏறினாரு."

"அப்படியா" என்றார் மச்சான். இவ்வளவு நல்ல செய்தியை இவ்வளவு சோகமாகக் கேட்டவரை நான் பார்த்ததில்லை.

"ஆனா கார்ல ஏறினா தலை சுத்தும்பாரு. அதனால விருந்துக்கு வரமாட்டாருங்க. மன்னிச்சுக்கணும்."

"அடடா! வந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!" என்று மச்சான் எழுந்து நின்றே சொன்னார்.

விருந்தன்று காலையில் போய்ப் பார்த்தால், விழா நாயகர் அழுக்குப் பனியனோடு தந்தூருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல யாராவது தன்னோட அறுபதுக்குத் தானே அடுப்புல நிப்பாங்களா? எர்மெக் ஓஷ்லருந்து ஆள வரச்சொல்றேன்னான்ல?"

"அவன் ஆட்டக் கரியாக்குவான்."

"ஆக்கட்டும். நீங்க போய்க் குளிங்க. சனம் வர்ற நேரம்."

"குளிக்கிறேன், குளிக்கிறேன். மூடியப் போட்டுட்டுக் குளிக்கிறேன்."

முந்தின நாளே இரண்டு ஆட்டையும் மூட்டு மூட்டாகப் பிரித்து, உப்பும் சீரகமும் பூண்டும் வெங்காயச் சாறும் தேய்த்து ஊற வைத்திருந்தார். விடியும்போதே ஆப்ரிகாட் விறகைப் போட்டு எரித்ததில் தந்தூரின் உட்சுவர் முதலில் கறுத்து, பிறகு கறுப்பு எரிந்து வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அந்த வெள்ளை வந்தால்தான் சூடு சரி. தணலை ஓரமாகத் தள்ளி, நடுவில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தார். சொட்டுகிற கொழுப்பெல்லாம் அதில் விழும். ஆவியும் கறிக்கு ஏறும். மலையிலிருந்து வெட்டி வந்த ஆர்ச்சா என்ற ஊசியிலை மரத்தின் கிளைகளைப் பச்சையாகவே தணல் மேல் போட்டதும் குப்பென்று புகை எழும்பியது. அந்தப் புகைதான் கறிக்கு வாசனை. அது இல்லாமல் சுட்டால் சும்மா வெந்த ஆடு.

அடுத்து துண்டுகளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பியில் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் பார்த்தேன். கொழுத்த கடாவின் இடது இடுப்பெலும்பை எடுத்தார். அக்கா இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். கால்சட்டைப் பையிலிருந்து மெல்லிய செப்புக் கம்பி ஒன்றை எடுத்து எலும்பின் காம்பில் சுற்றி முறுக்கினார்.

"என்ன மச்சான் இது?"

"வெந்தா நாலும் ஒரே மாதிரி சுருங்கிரும்டா. இதுதான் நல்ல துண்டு. கொழுப்பு பாரு எப்படி இருக்கு!"

"அதுக்குக் கம்பியா?"

"எர்மெக்கிட்ட சொல்லிட்டேன். கம்பி கட்டினது எனக்கு. நீ வாயத் திறக்காத."

மூடியைப் போட்டு, ஈரச் சாக்கைச் சுற்றி, மேலே களிமண்ணை அப்பினார். ஒரு ஊசி முனைக்குக்கூட வழி விடவில்லை. மண் காய்ந்து வெடிக்க வெடிக்கப் பூசிக்கொண்டே இருந்தார். குளிக்கவே போகவில்லை.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அறுபது நிறைந்தவருக்கு வருகிற ஒவ்வொருவரும் வெள்ளைக் கம்பளித் தொப்பி வைக்க வேண்டும், நெருங்கின சொந்தம் என்றால் வெல்வெட் அங்கியும் போர்த்த வேண்டும். மச்சான் தந்தூரை விட்டு நகராததால் எல்லோரும் அங்கேயே வந்து போர்த்தினார்கள். ஒரு அங்கிக்கு மேல் இன்னொரு அங்கி, அதன் மேல் மூன்றாவது. தலையில் தொப்பி மேல் தொப்பி. முகமெல்லாம் வியர்வை, கையெல்லாம் களிமண். எதையும் கழற்றக் கூடாது, மரியாதைக் குறைவு. ஆடு உள்ளே வெந்தது, இவர் வெளியே வெந்தார்.

அண்ணன்கள் வந்தார்கள். சம்பந்தி தன் அப்பா இல்லாமல் வந்தார். மச்சான் அவரை மூன்று முறை கட்டிப்பிடித்தார். களிமண் சம்பந்தியின் கோட்டில் ஒட்டிக்கொண்டது. எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. ஆர்ச்சாப் புகையும் கறி வாசனையும் எப்படியோ மண்ணைத் தாண்டிக் கசிந்து தெருவே மூக்கை உறிஞ்சியது. மூடியைத் திறக்கக் கொஞ்ச நேரம்தான் இருக்கும்போது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

அதிலிருந்து முதலில் ஒரு கைத்தடி இறங்கியது. பிறகு தஷ்தான் சித்தப்பா இறங்கினார். மச்சானுடைய செத்துப்போன அப்பாவின் தம்பி, என் அக்காவுக்குச் சின்ன மாமனார். எண்பத்தாறு வயது. மேல் பள்ளத்தாக்கில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். மூன்று வருஷமாக வீட்டு வாசலைத் தாண்டாதவர் என்று கேள்வி.

"கடைக்குட்டிக்கு அறுபதாமே! யாருமே எனக்குச் சொல்லல. ரேடியோவுல கேட்டுக்குவேன்னு நெனச்சீங்களா? பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான், வந்துட்டேன்" என்று கத்தினார். காது மந்தம், அதனால் அவர் பேசுவது எல்லாமே அறிவிப்பு மாதிரிதான் இருக்கும்.

எல்லோரும் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்கள். மச்சானும் போனார். முத்தமிட்டார். தலையை ஆட்டினார். ஆனால் அவர் உதடு அசைந்ததை நான் மட்டும் பார்த்தேன். எண்ணிக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒன்று, பெரியண்ணன் ஒன்று, சின்னண்ணன் ஒன்று, சம்பந்தி ஒன்று. நாலு முடிந்தது.

எர்மெக் நல்ல பையன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்து, "இன்னொரு ஆட்ட அறுத்துரலாமாப்பா?" என்று காதில் கேட்டான்.

"எப்ப வெந்து, எப்பத் திங்கிறது? விடு" என்றார் மச்சான். பிறகு, "முறைப்படி குடு. ஒருத்தர் மனசும் நோகக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு அங்கிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு களிமண்ணை உடைக்கப் போனார். எனக்கு அந்தக் கிழவரை அப்படியே ஜீப்பில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

மூடியைத் தூக்கியதும் எழுந்த ஆவியில் முற்றமே ஒரு நிமிஷம் மறைந்தது. ஒவ்வொரு துண்டாக வெளியே வந்தது. மேலே தோல் செம்பழுப்பில் முறுகி, கொழுப்பு இன்னும் சிடுசிடுத்துக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் கறி எலும்பை விட்டு விலகியது. வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் சூடான ரொட்டி, வினிகரில் ஊறிய வெங்காயம், தேநீர். கூட்டத்தில் இளையவன் எல்லோர் கைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்மெக் குடத்தை எடுப்பதற்குள், பழக்க தோஷம், மூன்று அங்கியோடு மச்சான் எடுத்துவிட்டார். அக்கா பிடுங்கி மகனிடம் கொடுத்தாள்.

எர்மெக் பங்கு கொடுத்தான். முதலில் தஷ்தான் சித்தப்பா. கைக்கு அகப்பட்ட இடுப்பெலும்பை எடுத்துக் கொடுத்தான். அந்த நாலில் அது எதுவாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். கம்பி கட்டின அதே எலும்பு! மச்சான் தலையைத் திருப்பி ஆப்ரிகாட் மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அடுத்து ஷெர்காசி அண்ணன், தோலுபாய் அண்ணன், சம்பந்தி. அப்பாவுக்கு எர்மெக் கொழுத்த தொடையாகப் பார்த்துக் கொடுத்தான். நல்ல துண்டுதான். விலாவை விட எத்தனையோ மேல். மச்சான், "நல்லாருப்பா" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தின்னவில்லை.

எல்லோரும் சாப்பிட ஆரம்பித்துச் சத்தம் அடங்கிய நேரம், சித்தப்பாவின் குரல் எழுந்தது.

"இதென்னடா இது, கம்பி?"

அக்காதான் சமாளித்தாள். "அது தொங்கவிடறதுக்குக் கட்டினது, மாமா."

"அப்ப மத்தவன் எலும்புல ஏன் இல்ல?" கிழவருக்குக் கண் மங்கல் என்று சொன்னவன் யார்! எல்லார் கையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டார். பிறகு கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பொக்கை வாய் திறந்து சிரிக்க ஆரம்பித்தார். "டேய் கடைக்குட்டி, நீ கட்டினதா இது? எனக்குத் தெரியாதா? நானும் கடைக்குட்டிதானே! நான் நூல் கட்டுவேன். நூல் எரிஞ்சு போயிரும். கம்பி நல்ல யோசனை, எனக்குத் தோணாமப் போச்சு."

எல்லோருடைய பார்வையும் மச்சான் மேல். அறுபது வயதில், மூன்று அங்கியும் ஏழெட்டுத் தொப்பியுமாக, பலகாரம் திருடி அகப்பட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பா நிறுத்தவில்லை. "எனக்கு அஞ்சு அண்ணனுங்க. ஒவ்வொருத்தனா மண்ணுக்குள்ள வெச்சப்புறம்தான் இந்த எலும்பு என் கைக்கு வந்துச்சு. வந்த அன்னிக்குப் பாத்தா, வாயில பல்லு இல்ல. உனக்குக் கவலையே வேண்டாம். ரெண்டே பேருதான் பாக்கி!"

சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு அண்ணன்களையும் கம்பியால் சுட்டிக் காட்டி மறுபடி சிரித்தார். தோலுபாய் அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார்.

மச்சான் எழுந்துவிட்டார். தொடைக்கறி மடியிலிருந்து உருண்டு விழுந்தது.

"வாயில நல்ல வார்த்தையே வராதா சித்தப்பா? எனக்கு வேண்டாம் அந்த எலும்பு! எனக்கு எப்பவும் வேண்டாம்! அண்ணனுங்க ரெண்டு பேரும் நூறு வருசம் இருக்கட்டும், நான் விலாவத் தின்னுட்டே சாவுறேன். யாரு கேட்டா உங்க இடுப்பெலும்ப?"

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியவர் முன்னால் கத்திவிட்டோமே என்று அவருக்கே பயம் வந்துவிட்டது. கத்தினது சித்தப்பாவுக்குச் சரியாகக் கேட்டதோ இல்லையோ, அவர் பாட்டுக்குக் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கென்ஜே" என்றார் ஷெர்காசி அண்ணன். "இங்க வாடா."

"சரிண்ணே."

போய் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். பெரியண்ணன் தன் இடுப்பெலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குப் பல்லு போயி எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? எவன் வீட்டுல குடுத்தாலும் சும்மா வாயில வெச்சுட்டு, பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி நாய்க்குப் போடறேன். என் நாயப் பாத்திருக்கல்ல, கன்னுக்குட்டி மாதிரி நிக்குதே! கேட்டிருந்தா உனக்குக் குடுத்திருக்க மாட்டேனாடா?"

"நாய்க்கா!" என்று என் அக்கா நெஞ்சில் கையை வைத்தாள்.

"கேட்டு வாங்கற பொருளாண்ணே அது?" என்றார் மச்சான். குரல் உள்ளே போயிருந்தது.

பெரியண்ணன் கத்தியை எடுத்தார். இடுப்பெலும்பின் குழியில் இருக்கும் மெத்தென்ற கறியை வழித்தார். வால் கொழுப்பில் ஒரு துண்டை அதோடு சேர்த்தார். உள்ளங்கையில் வைத்துக் குவித்தார். "வாயத் திற."

பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கையால் ஊட்டுவது எங்களிடம் உண்டு. பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவார்கள், புது மருமகனுக்கு ஊட்டுவார்கள். தாத்தாவான ஆளுக்கு யாரும் ஊட்டி நான் பார்த்ததில்லை. மச்சான் ஒரு கணம் சுற்றிலும் பார்த்தார். அவருடைய பேத்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடி வாயைத் திறந்தார். பெரியண்ணன் கைப்பிடி முழுவதையும் உள்ளே தள்ளினார்.

"இருடா, முழுங்காத, என்னோடதும் இருக்கு" என்று தோலுபாய் அண்ணன் நகர்ந்து வந்தார். அவர் எதிலும் பின்வாங்குகிற ஆள் இல்லை. அவரும் ஒரு கைப்பிடி திணித்தார். சம்பந்தி மட்டும் சும்மா இருப்பாரா, அவர் குடும்ப மரியாதை என்ன ஆவது? அவரும் ஒரு வாய். கடைசியாக, "என்ன நடக்குது அங்க?" என்று கேட்டுக்கொண்டே சித்தப்பா கம்பி கட்டின எலும்பிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினார். நாலு இடுப்பெலும்பும் என் மச்சானின் ஒரே வாய்க்குள் இருந்தன. இரண்டு கன்னமும் உப்பி, மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுகிறாரா, மூச்சு முட்டுகிறதா என்று தெரியாமல் அக்கா முதுகில் ரெண்டு போட்டாள்.

"எப்படிடா இருக்கு?" என்று கேட்டார் பெரியண்ணன்.

மென்றார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"உப்பு கொஞ்சம் கம்மிண்ணே."

முற்றமே வெடித்துச் சிரித்தது. சித்தப்பாவுக்கு விஷயம் காதில் விழவில்லை, ஆனாலும் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

சாப்பாடு முடிந்தது. ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம். எர்மெக் தண்ணீர்க் குடத்தை எடுத்தான். மச்சான் எழுந்து போய் அதைப் பிடித்துக்கொண்டார்.

"குடுடா. கடைக்குட்டி நான் இருக்கேன்ல?"

"அப்பா, இன்னிக்கு உங்க விசேஷம். உக்காருங்க."

"அண்ணனுங்க இருக்கிற வரைக்கும் இது என் வேலை. நீ துண்ட எடுத்துட்டுப் பின்னால வா."

இந்தத் தடவை அக்கா பிடுங்கவில்லை. அங்கிகள் மண்ணில் புரள, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து தண்ணீர் ஊற்றினார். வாயில் இன்னும் எதையோ மென்றுகொண்டிருந்தார். சித்தப்பாவுக்கு ஊற்றினார். ஷெர்காசி அண்ணன் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அந்தக் கிழட்டுக் கைகளில் கொழுப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. மச்சான் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"போதும்டா" என்றார் பெரியண்ணன். "என்னக் குளிப்பாட்டவா போற?"

"சும்மா இருண்ணே" என்று மச்சான் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.